தகட்டின் ஓரம்



நகைக்கடையில் ஒரு பொன்னணியை வாங்கும்பொழுது நம் கையில் தரப்படுகிற கணக்குச் சீட்டில், பொன்னின் எடைக்கு ஒரு பெரிய தொகையும், அதன் கீழே சேதாரம் என்றும் செய்கூலி என்றும் வேறு தொகைகளும் காணப்படுவதையும், வாடிக்கைக்காரர் பொன்னின் விலையைப் பற்றி வாய் திறவாமல், சேதாரத்தையும் செய்கூலியையும் குறைத்துத் தரும்படி மட்டும் மணிக்கணக்காக வாதாடுவதையும் நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நம்மில் பலர் அப்படி வாதாடியும் இருக்கிறோம். அணியின் மதிப்பு சரக்கில் இருக்கிறது, கைவேலை அதன்மேல் வரும் கொசுறு என்னும் எண்ணம் நமக்குள்ளே அவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ இந்தக் கணக்கையே தலைகீழாக்கிவிடுகிறது. ஒரு சாண் அக்ரிலிக் துண்டின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் காணாது. அடகுக்கடைக்காரர் அதைக் கையில் வாங்கியும் பாரார். உருக்கி விற்றுக் குடும்பத்தின் கஷ்டகாலத்தைத் தாண்டலாம் என்னும் ஆறுதலும் அதற்கு இல்லை. ஆகவே அதில் பிறக்கும் அணியின் மதிப்பு ஏறக்குறைய முழுவதும் செய்கூலியாகவே நிற்கிறது. அந்தச் செய்கூலி தகட்டின் எந்த இடத்தில் செலவாகிறது என்று கேட்டால், பெரும்பாலும் அதன் ஓரத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். முகம் தொழிற்சாலையில் முடிந்து வருகிறது. ஓரத்தைத்தான் தொழிலாளி படைக்கிறான். இதை விளக்குவதே என் பேச்சின் நோக்கம்.

பாலிமீதைல் மெதக்ரிலேட் என்று வேதியியலார் அழைக்கும் இந்தப் பொருளின் பூர்வோத்தரத்தை விஸ்தாரமாகச் சொல்லிப் பொழுதைப் போக்க எனக்கு விருப்பமில்லை. ஆட்டோ ரோம் என்னும் ஜெர்மானியர் 1901-ல் அக்ரிலிக் அமிலத்திலிருந்து விளையும் பிசின்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்று, பின்பு ஹாஸ் என்னும் நண்பருடன் கூடித் தோல் பதனிடுவதற்கான சரக்கை விற்றுப் பொருளீட்டி, தாம் வாலிபத்தில் விட்ட ஆராய்ச்சியை அந்தத் தோல்காசைக் கொண்டு தொடர்ந்து நடத்தி, 1933-ல் பிளெக்ஸிகிளாஸ் என்னும் பெயரைப் பதிவு செய்தார். அதே காலத்தில் இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்றும், சிறிது பின்னால் அமெரிக்காவில் லூசைட் என்றும் அதே பொருள் வேறு பெயர்களைச் சூடிக்கொண்டு வெளிவந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவத்தை வார்த்து, மெல்லச் சூடேற்றி இறுகச் செய்வது அதன் செய்முறை. அதன் பளபளப்பான முகம் கண்ணாடியிலிருந்து பிரதியெடுத்த முகமேயன்றி எவனும் தேய்த்து வரவழைத்த மெருகன்று. இறுகும்பொழுது கனஅளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்குவதால், வார்ப்புத் தகட்டின் பருமன் ஓர் இடத்தில் போல் மற்றோர் இடத்தில் இராது. 3 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கும் தகட்டை அளவுகோலால் அளந்து பாராமல் பொருத்துவாய் வெட்டுகிறவன் பின்னால் வருந்துவான்.

இரண்டாம் உலகப் போர் இந்தப் பொருளை விமானத்தின் கூண்டுக்கும் ஜன்னலுக்கும் எடுத்துக்கொண்டது. கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு, உடைந்தாலும் கத்தியாகச் சிதறாமை, வளைத்த வடிவத்தில் நிற்கும் குணம் ஆகிய இவை விமானிக்கு வேண்டியவை. அணிகலைஞனுக்கும் இவையே வேண்டியவை என்பது விந்தையான ஒற்றுமை. உடைந்த கூண்டின் துண்டுகளை அரத்தால் ராவி, இதய வடிவமாகவும் இறக்கை வடிவமாகவும் செய்து, ஊரிலிருந்த காதலிக்கு அனுப்பிய படைவீரர்கள் பலர். இந்தப் பொருளில் கையால் அணி செய்தவர்களின் முதல் வரிசையில் அவர்களையும் வைக்க வேண்டும். அமெரிக்காவில் டிரிஃபாரி நிறுவனத்துக்கு அல்ஃபிரட் ஃபிலிப் என்னும் வடிவமைப்பாளர், சேவல், மீன், அன்னம் முதலிய பிராணிகளின் வயிற்றை மட்டும் லூசைட்டால் குமிழாகச் செய்து, மற்ற அங்கங்களை உலோகத்தில் அமைத்த பதக்கங்களை அக்காலத்தில் உருவாக்கினார். சாதாரண உலோகங்களை யுத்த காரியம் விழுங்கிவிட்டபடியால் அவற்றுட் பல வெள்ளியில் செய்யப்பட்டன. அந்தக் குமிழ்கள் கழித்துக் கட்டிய விமானக் கண்ணாடிகளிலிருந்து வந்தவை என்று ஒரு கதை இன்றும் வழங்குகிறது. சேகரிப்போருக்குக் கதையும் அணியின் ஒரு பாகம்தானே.

இங்கே விலகி ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன். விமானக் கூண்டு சிதறி அதன் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் தைத்தபொழுது, கண் அவற்றைப் பகையாகக் கருதிப் புண்ணாகாமல் பொறுத்துக்கொண்டதை ஹரால்ட் ரிட்லி என்னும் கண் வைத்தியர் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுக்குள் இதே பொருளால் செய்த வில்லையை அவர் வைத்தார். அந்த வில்லையைத்தான் பிற்காலத்தில், டாக்டர் வேங்கடசாமி 1976-ல் தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப், 1992 முதல் தானே தயாரித்து, ஏழைக்கும் எட்டும்படி விலையை இறக்கிற்று. கண்ணுக்குள்ளேயே இருக்கத் தகுதி பெற்ற பொருள் கழுத்தின்மேல் கிடக்கத் தகாதா என்று நான் கேட்பதுண்டு. ஆனால் இறுகி முடிந்த பொருளுக்குத்தான் இந்தச் சாதுத் தன்மை உண்டு. இறுகாத மூலத் திரவம் தோலில் பட்டுப்பட்டுச் சிலருக்குத் தீராத அரிப்பைத் தரும். பட்டறையில் அதைக் கையுறையின்றித் தொடுவது அவிவேகம்.

போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் லூசைட் கைப்பைகளும், உள்ளே மினுக்குத் தூள் தூவிய வளையல்களும், பின்புறத்திலிருந்து பூவாகக் குடைந்து வர்ணம் பூசிய பதக்கங்களும் ஏராளமாக வந்தன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விஷயம் ருசிக்கத் தொடங்குவது 1960-களில், அதுவும் ஐரோப்பாவில். லண்டனில் வெண்டி ராம்ஷா, டேவிட் வாட்கின்ஸ் என்னும் தம்பதிகள், பெர்ஸ்பெக்ஸ் தகட்டின்மேல் கறுப்பும் வெள்ளையுமான கோலங்களைத் திரை அச்சால் பதித்து, ‘ஆப்டிக் ஆர்ட்’ அணிகள் என்று பெயரிட்டு நவநாகரிகக் கடைகளில் விற்றார்கள். வாட்கின்ஸ் விசித்திரமான மனிதர்: ஜாஸ் பியானோ வாசித்தவர்; ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்னும் திரைப்படத்துக்கு மாதிரி உருவங்கள் செய்தவர்; பின்னாளில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் உலோகமும் அணிகலனும் கற்பிக்கும் துறைக்குத் தலைவராக இருந்தவர். 1970-களில் அவர் அக்ரிலிக் கோல்களைக் கடைந்து, வளைத்து, சாயமேற்றி, இணையும் இடங்களில் மட்டும் பொன்னை மோதிரம்போல் பூட்டிச் செய்த பெரிய கழுத்தணிகள், அணி என்பது உடம்பின்மேல் வரையும் ஒரு கோடு என்று நினைக்கச் செய்பவை.

ஜெர்மனியிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் நகரம் 1767 முதல் அணித்தொழிலுக்குப் பிரசித்தி பெற்றது. அதைப் பொன்னகரம் என்றே அந்நாட்டார் அழைக்கிறார்கள். அங்கே முறையாகப் பொற்கொல்லர் கல்வி பெற்ற கிளாஸ் பூரி, வியன்னாவைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் மயர்ஹோஃபர் என்னும் மற்றொரு பொற்கொல்லர், இந்த இருவரும் 1960-களின் கடைசியில் லண்டனில் ஆண்ட்ரூ கிரீமாவின் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். கிரீமாவோ அரச குடும்பத்துக்கு நகை செய்தவர். வைரமும் பொன்னும் புழங்கிய இடம் அது. அப்படிப்பட்ட இடத்தில் தேர்ந்த கைகள், பட்டறையை விட்டு வெளிவந்தபின், சிவப்பும் நீலமுமான அக்ரிலிக் தகட்டை வெள்ளியோடும் பொன்னோடும் ஒரே அணியில் சரியாசனத்தில் உட்காரவைத்தன. பொன்னை விட்டு ஓடியவர்கள் அல்லர் இவர்கள். பொன்னின் பக்கத்தில் உட்காரும் யோக்கியதை மற்றொன்றுக்கும் உண்டு என்று காட்டியவர்கள். 1971-ல் லண்டனில் எலெக்ட்ரம் என்னும் அணிகலைக் கூடம் திறக்கப்பட்டபின் இத்தகைய அணிகளுக்கு நிலையான ஓர் அரங்கு கிடைத்தது. லிவர்பூலில் கலை பயின்ற பீட்டர் சாங் பின்னர் வந்தவர். கழிவுப் பிளாஸ்டிக்கையும் அக்ரிலிக்கையும் பிசினையும் ஒன்றோடொன்று இழைத்து, பழத்தையும் பூச்சியையும் நினைவூட்டும் தடித்த கடகங்களைச் செய்து, ஒரே பரப்பாக மெருகேற்றினார். பத்து வர்ணங்கள் சேருமிடத்தில் விரலை ஓட்டினால் ஒரு பொருத்தும் தட்டுப்படாது.

இவ்வளவு பேர் இந்தப் பொருளை நாடியதற்கு முதற்காரணம் எடை. 5 சென்டிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் பருமனும் உள்ள ஒரு வட்டத் தோட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அக்ரிலிக்கில் அது 7 கிராம். அதையே வெள்ளியில் செய்தால் 60 கிராமுக்கு மேல் நிற்கும். 22 காரட் பொன்னில் கெட்டியாகச் செய்தால் நூறு கிராமைத் தாண்டி, ஒரு காதுக்கு மட்டும் 13 சவரன் ஆகிவிடும்! விலை ஒரு புறம் இருக்கட்டும், காது என்ன ஆவது? ஆகையால் பொற்கொல்லர் பெரிய உருவம் வேண்டும்பொழுதெல்லாம் உள்ளே கூடாக்கியும், தகட்டை மெலியத் தட்டியும், கம்பியால் இழைத்தும் பாரத்தைக் குறைக்கும் யுக்திகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேடினார். அக்ரிலிக்கில் வேலை செய்கிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. கெட்டியான, பெரிய, கனத்த தோற்றமுள்ள உருவத்தை அவன் கூசாமல் செய்யலாம். கூச்சம் இல்லாமற்போவதும் ஆபத்துத்தான் என்பதற்குச் சந்தையில் தொங்கும் சில காதணிகளே சாட்சி.

இரண்டாவது காரணம் ஒளி. தெளிந்த தகட்டின் முகத்தில் விழும் வெளிச்சத்தில் 92 சதவீதம் மறுபுறம் போய்விடுகிறது. இரு முகங்களிலும் நூற்றுக்கு நாலு நாலாகத் திரும்புவது மட்டுமே நஷ்டம். ஆதலால் முகத்தை நேராகப் பார்க்கிறவனுக்கு அங்கே ஒன்றும் இல்லை; பின்னால் இருக்கும் தோலும் துணியும்தான் தெரியும். ஆனால் ஓர் ஓரத்தின் வழியே தகட்டுக்குள் நுழைந்த ஒளி, வெளியேறும் பாதை கிட்டாமல் இரண்டு முகங்களுக்கும் இடையே மோதி மோதிச் சென்று, கடைசியில் மற்றோர் ஓரத்தில்தான் வெளிவருகிறது. 42 பாகைக்கு மேல் சாய்ந்து முகத்தைத் தொடும் எந்தக் கதிரும் உள்ளேயே திருப்பியடிக்கப்படும் என்பது இதன் ஒளிவிலகல் எண்ணான 1.49-லிருந்து வரும் கணக்கு. ஒளிர்சாயம் கலந்த தகடுகளில் இந்தச் சங்கதி பிரத்தியட்சமாகத் தெரியும். முகத்தில் விழுந்த ஒளியைச் சாயம் உறிஞ்சி, வேறு நிறமாக எல்லாத் திசைகளிலும் உள்ளேயே வீசுகிறது. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு உள்ளே சிக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. விளக்கில்லாத இடத்தில்கூட அந்த ஓரம் விளக்கேற்றியதாகத் தோன்றுவது இதனால்தான். தகட்டின் நடுவே ஒரு கீறல் கீறினால் அந்தக் கீறலும் ஓர் ஓரமாகி ஒளிரும். செதுக்கு வேலையின் இரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. வைரத்தின் பட்டைகளைப் பார்த்து அக்ரிலிக்கைப் பட்டை தீட்டுகிறவர்கள் இதை அறியாதவர்கள். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42, அது உள்ளே வந்த ஒளியை முகத்தின் வழியே திருப்பி அனுப்பவல்லது. அக்ரிலிக் பட்டைக்கல்லிலோ ஒளி பின்புறமாக ஒழுகிப் போகும். அதனால்தான் அதற்குப் பின்னால் வெள்ளித்தாள் ஒட்டவேண்டியிருக்கிறது. கீறல் தாங்கும் சக்தியும் அதற்குக் குறைவு. சட்டைப்பையில் சாவியோடு கிடந்தால் ஒரே நாளில் மங்கிவிடும்.

இனிப் பட்டறைக்குள் போவோம். தகடு இரண்டு வகை: கண்ணாடிகளுக்கிடையே வார்த்தது ஒன்று, யந்திரத்தின் வாயில் பிதுக்கி நீட்டியது மற்றொன்று. இரண்டாவது விலை மலிவு, பருமன் ஒரே சீராக இருக்கும். ஆனால் ரம்பத்தின் சூட்டில் இளகிப் பற்களிலே பிசினாக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அணி வேலைக்கு வார்த்த தகட்டையே வாங்குங்கள். கையால் அறுப்பவர் நூல் ரம்பத்தில் அவசரம் காட்டலாகாது; சூடேறினால் அறுத்த தடம் பின்னாலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். லேசர் யந்திரம் வைத்திருப்போர் ஒன்றை மறக்கக்கூடாது. அக்ரிலிக்கைப் போலவே தோன்றும் பி.வி.சி. தகட்டை அதற்குள் வைத்தால், உப்பமில ஆவி கிளம்பி யந்திரத்தையும் சுவாசப்பையையும் ஒருங்கே அரித்துவிடும். சந்தேகம் வந்தால், காற்றோட்டமான இடத்தில், ஒரு செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அந்தத் தகட்டைத் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அது பி.வி.சி. போன்ற குளோரின் சேர்ந்த சரக்கு, அதை லேசர் யந்திரத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் புதுத் தகடும் தேவையில்லை. பெயர்ப்பலகை செய்யும் கடைகளின் மூலையில் கிடக்கும் வெட்டுத்துண்டுகளே ஒரு வருஷத்துக்குப் போதும்.

ஓரத்தை எழுப்பும் வேலையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ரம்பம் விட்டுச்சென்ற வரிகளை முதலில் அரத்தாலும், பிறகு நேராகத் தீட்டிய எஃகுப் பட்டையைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டியும் எடுக்கிறோம். சுருள் சுருளாக வெள்ளைச் சீவல் உதிரும். பின்பு உப்புத்தாளை ஒரு சமமான கட்டையில் சுற்றி, தண்ணீரில் நனைத்து, 400, 600, 800, 1200 என்று படிப்படியாகத் தேய்க்கிறோம். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்ற வேண்டும். முந்திய தாளின் கீறல் ஒரு திசையிலும் இந்தத் தாளின் கீறல் மற்றொரு திசையிலும் கிடந்தால்தான், முந்தியது முழுவதும் போயிற்றா என்பதைக் கண் கண்டுபிடிக்கும். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறவன், கடைசியில் பஞ்சுச் சக்கரத்தில் மெருகுப் பசை வைத்துப் பிடிக்கும்பொழுது, பளபளப்புக்கு அடியில் பழைய கீறல்கள் பல்லை இளித்துக்கொண்டு நிற்பதைக் காண்பான். சக்கரத்தில் அழுத்திப் பிடித்தாலும் கேடுதான். சூட்டில் மேற்பரப்பு இழுபட்டு, மூலைகள் மழுங்கி, கூரிய ஓரம் சப்பையாகிவிடும். இந்த உழைப்பெல்லாம் வேண்டாமென்று சுடரை ஓரத்தின்மேல் ஒரு வீச்சாக ஓட்டி மெருகேற்றுகிறவர்களும் உண்டு. கை ஒரு கணம் தாமதித்தால் குமிழி கிளம்பும். தாமதிக்காவிட்டால் கண்ணாடிபோன்ற ஓரம் கிடைக்கும். லேசரால் வெட்டிய ஓரமோ வெட்டும்போதே பளபளத்து வந்துவிடுகிறது.

அப்படியானால் முன் சொன்ன உழைப்பு வீண்தானா என்று நீங்கள் கேட்கலாம். சுடரும் லேசரும் ஓரத்தை உருக்கி ஆறவிடுகின்றன. மேல்தோல் சுருங்கப் பார்க்க, உள்ளுடம்பு அதைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடிக்க, அந்த ஓரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இறுக்கத்தில் நிற்கிறது. அதன்மேல் ஒரு துளி சாராயச் சத்து, அதாவது வாசனைத் திரவியமோ கை சுத்திகரிக்கும் திரவமோ, பட்டுவிட்டால் போதும்: மெருகிட்ட ஓரத்திலிருந்து நூறு மயிர்விரிசல்கள் உள்நோக்கிப் பாய்கின்றன. சாய்த்துப் பார்த்தால் ஒவ்வொரு விரிசலும் தனித்தனியே வெள்ளியிழையாக மின்னும்; பார்க்க அழகாகவே இருக்கும்; ஆனால் அந்த அணி கெட்டுப்போயிற்று. அறிந்த தொழிலாளி, வெட்டிய துண்டுகளை 80 பாகைச் சூட்டில் சில மணி நேரம் அடுப்பில் வைத்து, அடுப்போடு சேர்த்தே மெல்ல ஆறவிட்டு, அந்த இறுக்கத்தைத் தளர்த்திய பிறகே அடுத்த காரியத்துக்குப் போகிறான். லேசரை நான் இகழவில்லை. 1999-ல் லண்டனில் இரு பெண்கள் தொடங்கிய டாட்டி டிவைன் என்னும் நிறுவனம், லேசரால் வெட்டிய அக்ரிலிக் பெயர்மாலைகளுக்குப் புகழ் பெற்றது. வெட்டிய உருப்படிகளை அங்கே கையால்தான் கோக்கிறார்கள். யந்திரம் வெட்டியதாலேயே கைவேலை போய்விட்டது என்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. யந்திரம் கொடுத்த ஓரத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதைப் பற்றி ஒருகணமும் யோசியாமல் கொக்கி மாட்டி விற்கிறவனிடத்தில்தான் கைவேலை போய்விட்டது.

ஒட்டுவதில் ஒரு முரண்பாடு உண்டு. வெளியே தெரியவேண்டிய ஓரத்துக்கு மெருகு வேண்டும். ஒட்டப்போகும் ஓரத்துக்கு மெருகே ஆகாது. சக்கரத்தில் பிடித்த ஓரம் இம்மியளவு உருண்டுவிடுமாதலால், இரு துண்டுகளும் முழுவதும் படியாமல் இடைவெளி விட்டு நிற்கும். சுரண்டி நேராக்கிய மங்கலான ஓரத்தை மற்றொன்றின்மேல் நிறுத்தி, ஊசிக்குழலில் எடுத்த கரைப்பானை மூலையில் ஒரு சொட்டு வைத்தால், அது தானாகவே இடுக்கு நெடுகிலும் ஓடிப் பரவுவதைக் கண்ணால் பார்க்கலாம். மங்கலாயிருந்த கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தெளிந்துகொண்டே போகும்; ஓரிடத்தில் காற்று சிக்கினால் அங்கே ஒரு வெள்ளிக் காசு நின்றுவிடும், பிறகு அதைப் போக்க வழியில்லை. கரைப்பான் இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடுகிறது. அது ஒட்டு என்பதைவிட இரண்டற்ற ஐக்கியம் என்பதே பொருந்தும். அந்த ஆவி பொல்லாதது. ஜன்னலைத் திறந்து, காற்றாடியை வெளிநோக்கித் திருப்பிவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்.

உலோகத்தோடு சேர்க்கும்பொழுது பத்தருடைய பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பற்றாசு உருகுவதற்கு 650 பாகைக்கு மேல் வேண்டும்; அக்ரிலிக் 100 பாகையைச் சற்றுத் தாண்டும்போதே இளகிவிடும். ஆகையால் ஊதுகுழல் வேலை அனைத்தையும் முதலில் முடித்து, உலோகத்தை மெருகிட்டு ஆறவைத்து, அதன்பின் தறையாணியாலோ, திருகாணியாலோ, மடக்கு நகங்களாலோ அக்ரிலிக்கைக் குளிர்ந்த நிலையில் பூட்ட வேண்டும். வெயிலில் வெள்ளி விரிவதைப்போல் மூன்றரை மடங்கு அக்ரிலிக் விரியும். ஆணித்துளை ஆணியின் பருமனுக்குச் சற்று மேலாக இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் துளையைச் சுற்றி விரிசல் விடும். பூரியும் மயர்ஹோஃபரும் பொற்கொல்லர்களாயிருந்தும் இந்தக் குளிர்ப் பூட்டுகளை ஒளிக்காமல், அணியின் அலங்காரமாகவே வெளியே காட்டிய துணிவைப் போற்றுகிறேன்.

வளைப்பது எளிது, 150, 160 பாகைச் சூட்டில் தகடு ஈர அப்பளமாகத் துவண்டுவிடும். கையுறை மாட்டி, மர உருளையில் சுற்றி, ஆறும்வரை பிடித்திருந்தால் வளையல் ஆயிற்று. அதை மறுபடியும் அதே சூட்டில் வைத்தால், தான் தட்டையாக இருந்த பழைய நினைவு வந்து, வளையல் விரிந்து பட்டையாகப் படுத்துக்கொள்ளும். வளைத்தது பிடிக்காவிட்டால் மறுபடியும் வளைக்கலாம் என்பது கற்பவருக்கு ஆறுதல். சாயமேற்றுவதற்கு, பாலியெஸ்டர் துணிக்கு உபயோகிக்கும் டிஸ்பெர்ஸ் சாயத்தைக் கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் குறைந்த நீரில் கரைத்து, துண்டை முக்கி வைக்க வேண்டும். வைத்திருக்கும் நேரத்துக்கேற்ப நிறம் ஆழ்ந்துகொண்டே போகும். சாயம் மேல்தோலுக்குள் மட்டுமே இறங்குவதால், முழுத் துண்டையும் நீலமாக்கிவிட்டுப் பிறகு ஓரத்தை அறுத்து மெருகிட்டால், நீல முகங்களுக்கு நடுவே நிறமற்ற ஒளிக்கோடு ஒன்று ஓடும். சாயமேற்றும் நாளையும் ஓரமெடுக்கும் நாளையும் முன்பின்னாக மாற்றினாலே வேறோர் அணி பிறக்கிறது.

முத்தாகவும் தந்தமாகவும் பவழமாகவும் வேஷம் போடும் அக்ரிலிக் மணிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை அணிகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. யானையின் கொம்பை அறுப்பதைக் காட்டிலும் அது எவ்வளவோ மேல். ஆயினும் ஒரு பொருள் மற்றொன்றாக நடிக்கும் வரையில், அதைக் கையாளுகிறவன் அதன் ஓரத்தை மறைக்கவே பாடுபடுகிறான். எந்த முத்தும் ஓரம் காட்டுவதில்லை. 1938-ல் எல்ஸா ஸ்கியாபரெல்லி வெளியிட்ட ஒரு கழுத்தணியில், நிறமற்ற பிளாஸ்டிக்கின்மேல் உலோகப் பூச்சிகள் ஒட்டப்பட்டிருந்தன. பட்டை கண்ணுக்குத் தெரியாமற்போக, பூச்சிகள் வெறுங்கழுத்தில் ஊர்வதாகத் தோன்றின. அது அக்ரிலிக் அன்று, செல்லுலோஸ் வழிவந்த வேறொரு சரக்கு. ஆனாலும் ஊடுருவித் தெரிவது என்னும் குணத்தைத் தந்திரமின்றி, வேஷமின்றி, அதற்காகவே உபயோகித்த அணி அது.

அணிந்துகொள்கிறவர்கள் அதிகம் செய்ய வேண்டியதில்லை. வாசனைத் திரவியத்தை முன்னே பூசி, அது உலர்ந்தபின் அணியை மாட்டிக்கொள்ளுங்கள். அழுக்கானால் மென்மையான சோப்பு நீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றுங்கள். வறண்ட துணியால் தேய்த்தால் தூசியே கீறிவிடும். கீறல் விழுந்த அணியைச் செய்தவரிடமே கொண்டுபோனால் உப்புத்தாளும் பசையும் வைத்துத் திருத்தித் தருவார். பாட்டி காலத்துப் பெட்டியில் செல்லுலாய்டு சீப்போ பூச்சூடியோ கிடந்தால் அதை மாத்திரம் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். அது மக்கும்பொழுது அமில ஆவியை விட்டு, பக்கத்திலுள்ள உலோகத்தையெல்லாம் கெடுக்கும் என்று அருங்காட்சியகத்தார் அதற்கெனத் தனிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். அக்ரிலிக்குக்கு அந்தத் தீண்டாமை தேவையில்லை. மெல்லிய துணியில் சுற்றி, பொன்னணிகள் இருக்கும் அதே பெட்டியில் வைக்கலாம்.